பட்டகசாலைப் படங்களுக்கு விலை உண்டா?

நமது வீடுகளில் நகைக்கு நிறுவை உண்டு; நிலத்துக்குப் பத்திரம் உண்டு; பித்தளைப் பாத்திரத்துக்குக்கூடப் பெயர் வெட்டிய அடையாளம் உண்டு. ஆனால் பட்டகசாலைச் சுவரில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் படத்துக்கு மட்டும் யாதொரு கணக்கும் கிடையாது. அது யார் கைவேலை, எங்கே அச்சானது, இன்று அதன் மதிப்பு என்ன என்று கேட்டால், "தாத்தா காலத்துப் படம்" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். கண்ணாடி உடைந்தால் கடைக்கு அனுப்புகிறோம். சட்டம் போடக் கூலி எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். உள்ளே இருக்கும் படத்தைப் பற்றி இரு தரப்பிலும் பேச்சே எழுவதில்லை. இந்த அலட்சியத்தால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இழந்துவரும் செல்வம் சிறிதன்று.

திருநெல்வேலிச் சீமையின் வீட்டுச் சுவர்களை அலங்கரித்த அச்சுப் படங்களுள் இரண்டு வகை முக்கியமானவை. முதலாவது ரவிவர்மாவின் படங்கள். மேற்கு மலைக்கு அப்பால், திருவாங்கூர்ச் சீமையின் கிளிமானூரில் 1848-ம் வருஷம் பிறந்த அந்தச் சித்திரக்காரர், அரண்மனைகளுக்குத் தைலவர்ணச் சித்திரம் எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1894-ம் வருஷத்தில் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவி, ஜெர்மனியிலிருந்து யந்திரங்களையும் நிபுணர்களையும் வரவழைத்தார். வர்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, தைலச் சித்திரம் போன்ற மெருகை ஏற்றிய அந்தப் படங்களுக்கு ஒலியோகிராப் என்று பெயர். செல்வர் மாளிகையில் இருந்த இலக்குமியும் சரஸ்வதியும் குமாஸ்தாவின் வீட்டுக்கும் எழுந்தருளியது இந்தக் கல்லச்சினால்தான். பின்னர் அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு மாறி, ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குச் சென்றது. 1906-ம் வருஷம் ரவிவர்மா காலமானார். 1972-ம் வருஷத்துத் தீ விபத்தில் அச்சகமும் அழிந்தது. அங்கிருந்து இனிப் புதிய பிரதி வரப்போவதில்லை. வீடுகளில் எஞ்சியிருப்பவைதாம் மிச்சம்.

இரண்டாவது வகை நம் மண்ணிலேயே பிறந்தது. கோவிற்பட்டி அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1898-ம் வருஷம் பிறந்த சி. கொண்டையராஜு, சென்னைச் சித்திரக் கலாசாலையில் பயின்றார். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் வாழ்ந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். இறுதியில் கோவிற்பட்டியில் நிலைத்துவிட்டார். அவரும் டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பின. 1976-ம் வருஷம் அவர் மறையும்போது, அவருடைய முருகனும் மீனாக்ஷியும் இல்லாத தெருவைத் தென்னாட்டில் காண்பது அரிதாயிருந்தது. நம் ஜில்லாக்காரர் ஒருவரின் கைவண்ணம் என்று அறியாமலே அவற்றைப் பூஜித்து வந்தோம்.

பழையது என்ற ஒரே காரணத்தால் படம் விலை பெற்றுவிடாது. எத்தனை பிரதிகள் எஞ்சியுள்ளன, எந்த அச்சகத்தின் வேலை, காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் கொண்டே மதிப்பு ஏறும், இறங்கும். லக்ஷக்கணக்கில் அச்சான காலண்டர்ப் படத்துக்கு விலை குறைவு. அதே சித்திரக்காரர் தம் கையால் எழுதிய மூலச் சித்திரம் கிடைத்தால் அதன் கதையே வேறு. ரவிவர்மா படங்களிலோ, பழைய கல்லச்சையும் இக்காலத்து மறுபதிப்பையும் பிரித்தறிய வேண்டும். இதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். இன்றைய ஆப்செட் அச்சில் வர்ணப் புள்ளிகள் கோலப் புள்ளிகளைப் போல ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். கல்லச்சில் அவை மணல் இறைத்தாற்போல ஒழுங்கின்றிப் பரந்திருக்கும். படத்தின் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும், கார்லா, லோனாவ்லா என்ற ஊர்ப்பெயர்களும் பொறித்திருப்பது மற்றோர் அடையாளம்.

நாம் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கீழ் ஓரம் சட்டத்துக்குள் மறைந்து கிடக்கிறது. படத்தின் முதுகும் அட்டைக்குப் பின்னே மறைந்து கிடக்கிறது. பழைய சட்டத்தைக் கழற்றிப் புதுச் சட்டம் போடும் அந்த ஒரு நாளில்தான் படம் தன் ஜாதகத்தை நமக்குக் காட்டுகிறது. அன்று பாராவிட்டால் இன்னும் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே படத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாகாது. கூடவே போய் நிற்க வேண்டும். முன்புறம், பின்புறம், நான்கு ஓரங்கள், கையொப்பம், அச்சகப் பெயர், கறை, கிழிசல் ஆகிய எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நீளம், அகலம் அளந்து எழுத வேண்டும். பழைய அட்டையின் பின்னால் விற்ற கடையின் சீட்டோ, மூதாதையர் எழுதிய தேதியோ இருக்குமானால், அதை எறியவிடாமல் உறையிலிட்டுக் காக்க வேண்டும். படம் வீட்டுக்கு வந்த காலத்துக்கு அதைவிடச் சிறந்த சாக்ஷி கிடையாது.

படத்தின் மதிப்பைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதே நாள்தான். கையிலிருக்கும் சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்துவிடுவது முதற் குற்றம். அத்தோடு அச்சகப் பெயரும் போய்விடும். சுருக்கம் தெரியாதிருக்க வச்சிரப் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிடுவது இரண்டாவது. அதைப் பிறகு பிரித்தெடுப்பது எளிதன்று. கண்ணாடியைப் படத்தின் மேலேயே படியவைப்பது மூன்றாவது. மழைக்கால ஈரத்தில் வர்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்டது பளபளப்பு. அதைத்தான் அவர் கொடுத்தார். அமிலமில்லாத அட்டையை இன்னும் பலர் அறியார் என்பதால், நாமே கேட்டு வாங்க வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டையால் சிறிது இடைவெளி, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதத்தாலும் மாவுப் பசையாலும் பிடிப்பு, சட்டத்தின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட சிறு கட்டைகள் என்று இவ்வளவு செய்தாலே படம் இன்னொரு தலைமுறை தாங்கும்.

படத்தைக் கடையில் விட்டுவரும்போது ரசீது வாங்குவது அவசியம். "பழைய சாமி படம் 1" என்று எழுதிய ரசீது பயன்படாது. சித்திரக்காரர் பெயர், அளவு, அப்போதைய நிலை, உத்தேச மதிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ், பொருள் வீட்டில் இருக்கும்வரைதான் பொதுவாகச் செல்லும். கடையிலோ வழியிலோ நேரும் சேதத்துக்குச் செல்லுமா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்றதும், "படத்துக்குமா?" என்று சிலர் நகைக்கலாம். 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை நினைவூட்டினால் நகைப்பு நின்றுவிடும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி சந்திப்பையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்தது. நெல்லும் துணியும் மீண்டும் வாங்கக்கூடியவை. ஆற்றுச் சேற்றில் ஊறிய நூறு வருஷக் காகிதத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இன்ஷூரன்ஸ் நமக்குப் புதிய சரக்கன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அதே 1906-ம் வருஷத்தில்தான் கல்கத்தாவில் நாஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தோன்றியது. 1972-ம் வருஷத்துச் சட்டத்தால் 107 கம்பெனிகள் தேசவுடைமையாகி நான்காகத் திரண்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. பிற்காலத்தில் தனியார் கம்பெனிகளும் வந்துவிட்டன. 2021-ம் வருஷம் ஏப்ரல் முதல், "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிஸி நடைமுறைக்கு வந்திருக்கிறது. தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் வீட்டுக்கும் உள்ளிருக்கும் சாமான்களுக்கும் நேரும் நஷ்டத்தை அது ஈடு செய்கிறது. கட்டிடத்துக்குச் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லக்ஷம் ரூபாய் வரை, சாமான்களுக்குத் தானாகவே சேரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சாமான்கள் என்பது நாற்காலி, கட்டில், மின்சார விசிறி போன்றவை. நகை, வெள்ளி, ஓவியம், கலைப்பொருள் ஆகியவை அதில் அடங்கா. அவற்றைத் தனியே குறிப்பிட்டு, தனிப் பிரீமியம் செலுத்தி, "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற முறையில் சேர்க்க வேண்டும். பொருளின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பாரும் முன்கூட்டியே இசைந்து எழுதிவைப்பதே அம்முறை. மொத்தத் தொகை 5 லக்ஷத்துக்குள்ளும், தனிப்பொருள் ஒவ்வொன்றும் 1 லக்ஷத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை. நம் குடும்பங்களில் உள்ள பெரும்பாலான படங்கள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேற்பட்டால் பழைய அச்சுப் படங்களை வாங்கி விற்கும் நிபுணரிடமிருந்து சான்று பெற வேண்டும். இதே போன்ற படங்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பதும் உதவும்.

எல்லாச் சேதத்துக்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. கரையான் அரித்ததும், இராமபாணப் பூச்சி தின்றதும், வெயிலில் நிறம் வெளுத்ததும் நஷ்டஈட்டில் சேரா. அவற்றுக்கு நல்ல சட்டமே இன்ஷூரன்ஸ். சாதாரணத் திருட்டுக்கும் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். போட்டோவையும் ரசீதுகளையும் அதே வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், படத்தைக் கொண்டுபோகும் வெள்ளம் அவற்றையும் கொண்டுபோய்விடும். வெளியூரில் இருக்கும் மகளிடமோ மகனிடமோ ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் படத்தையே கடல் கடந்து அனுப்ப நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டும். நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ம் வருஷத்துத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடுக்கிறது.

"சுவாமி படத்துக்கு விலை கட்டுவது பாவமல்லவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. பாட்டி நாள்தோறும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கிய படத்தின் அருமையை எந்தக் கம்பெனியும் ரூபாயாக்கித் தர முடியாது. அதை நாமும் கேட்கவில்லை. ஆனால் வேறொரு வழக்கத்தையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்த சுவாமி படம் வீட்டில் இருக்கலாகாது என்று ஆற்றங்கரை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஆடு மேயும் காகிதமாக அது அங்கே முடிகிறது. அது ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சா, கொண்டையராஜுவின் கைவண்ணமா என்று ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. விலை தெரிந்திருந்தால் அதைத் தெருவில் விட்டிருப்போமா? மதிப்பை எழுதிவைப்பது விற்பதற்காக அன்று; எறியாமல் இருப்பதற்காக.

ஆகவே நேயர்கள் இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தெரிந்ததை எழுதிவைக்க வேண்டுகிறோம். தெரியாததற்கு இடம் விட்டுவையுங்கள். அடுத்த முறை சட்டம் கழற்றும் நாளில் அந்த இடமும் நிரம்பும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது இன்னும் நல்லது. அந்தப் படத்தை வாங்கி வந்தவர் யார், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்பதெல்லாம் எந்த அட்டையின் முதுகிலும் அச்சாகவில்லை.