பாரம் ஏற்றுவோரும் சங்கத்தின் பொறுப்பும்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நெருங்கும் நாட்களில் அதிகாலையிலேயே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். விற்பனைக்குச் செல்லும் சேலை மூட்டைகளும், சந்தைக்கு விரையும் பூக்கூடைகளும், மிளகாய் மூட்டைகளும் வேன்களின் மேற்கூரைகளை நிறைத்துவிடும். அத்தகைய அவசரத்தில் நிகழ்ந்த விபத்தொன்றை நேரில் கண்டவன் என்ற முறையில், அங்கத்தினர்கள் கவனத்திற்குச் சில விஷயங்களை எழுத விரும்புகிறேன்.

சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட நான் சென்றிருந்த காலை அது. இரவுச் சாரலில் நனைந்த வேன் ஒன்று வாசலில் நின்றது. மூட்டை ஏற்றும் ஆள் வரவில்லை. நெய்த சேலைகளை ஒப்படைக்க வந்திருந்த அங்கத்தினர் ஒருவர், தாமே ஏற்றுவதாகச் சொல்லிச் சக்கரத்தில் கால்வைத்து மேலே ஏறினார். மூட்டைகளை அடுக்கி, கயிற்றை இழுத்துக் கட்டும் சமயம் முடிச்சு நழுவியது. முழுப் பலத்தையும் கயிற்றில் கொடுத்துப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தவர் தரையில் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கையை ஊன்றி விழுந்தமையால் வலது மணிக்கட்டு முறிந்தது. ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை இழுக்கும் நெசவாளிக்கு மணிக்கட்டு இன்னதென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேனின் உயரம் அற்பமானதென்று நாம் எண்ணுகிறோம். 10 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில், மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறார். சமாளித்துக்கொள்ள அவகாசமில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பிரிட்டனில் 2005இல் வந்த உயர்விடப் பணி விதிகள், இத்தனை அடிக்கு மேல்தான் அபாயம் என்று எல்லை எதுவும் வகுக்கவில்லை. விழுந்தால் காயம்படக்கூடிய இடமெல்லாம் உயர்ந்த இடமே என்பது அவற்றின் கருத்து.

தடுக்கும் வழிகள் எளியவை, பெருஞ்செலவும் இல்லை. முதலாவது, சங்கத்திற்கென ஓர் ஏணி வேண்டும். நாலடி உயரத்திற்கு ஓரடி வீதம் அதன் அடியைத் தள்ளி ஊன்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சுமையோடு எவரும் ஏறலாகாது; ஏறியபின் கீழிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வயது வந்த ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. 181 கிலோ எடையுள்ள நூல் பேலில் நாலரைக் கிலோக் கட்டுகள் நாற்பது உள்ளன. அவற்றைப் பிரித்து ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? மூன்றாவது, கயிற்றை மேலிருந்து இழுக்காமல் மறுபுறம் வீசித் தரையில் நின்றே முடிய வேண்டும். நைந்த கயிறும் நனைந்த கூரையும் ஆகா. நான்காவது, மேலே ஆள் இருக்கையில் வண்டியை நகர்த்தலாகாது. கூரைமேல் பிரயாணம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

இவற்றையும் மீறி ஒருவர் விழுந்துவிட்டால், பதறித் தூக்கி உட்காரவைப்பது நம் வழக்கம். அது தவறு. கழுத்திலோ முதுகிலோ வலியோ, கைகால் மரத்துப்போதலோ இருந்தால் அசைக்காமல் கிடத்தி, 108க்குத் தகவல் கொடுக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும், பின்னர் வாந்தியோ மயக்கமோ கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி என் துறையைச் சேர்ந்த விஷயத்திற்கு வருகிறேன். மோட்டார் வண்டிகளில் பாரம் ஏற்றி இறக்கும் வேலையை, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தன் அட்டவணையிலேயே குறிப்பிட்டிருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும் சட்டம் இருந்தால் போதாது. வேலை செய்தவர் இன்னார் என்பதற்குச் சான்று வேண்டும்.

அன்றைய செலவுச் சீட்டை நான் எடுத்துப் பார்த்தேன். ‘ஏற்றுகூலி’ என்று தொகை இருந்தது. ஏற்றியவர் பெயர் இல்லை. அவர் கூலிக்கு ஏறினாரா, உதவிக்கு ஏறினாரா என்ற கேள்வி எழுந்தபோது பதிலளிக்க ஒரு வரி எழுத்து இல்லாமற்போயிற்று. சக அங்கத்தினர்கள் திரட்டிக் கொடுத்த தொகையே அவருக்கு மிஞ்சியது. முந்திய மாதங்களின் சீட்டுகளும் அவ்வாறே இருந்தன. அவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவன் நான். தொகையைப் பார்த்தேனேயன்றிப் பெயரைப் பார்க்கவில்லை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்ற வேண்டுகிறேன்: ஏணியும் நல்ல கயிறும் வாங்குவது, ஏற்றுகூலிச் சீட்டில் தேதி, பெயர், கையொப்பம் மூன்றும் இன்றிப் பணம் கொடுப்பதில்லை என்பது. இனி என் ஆய்வில் அம்மூன்றையும் தவறாமல் கேட்பேன்.

சில வாரங்களுக்குப்பின் அவர் வீட்டிற்குச் சென்றேன். தறியில் பாவு பாதியில் நின்றது. “ஐயா, எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். தறிக்கு உதவுமா என்பதுதான் தெரியவில்லை” என்றார். அந்தச் சேலையை முடிக்க அவர் மனைவி அருகிலிருந்த உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தார்.