பெருங்குற்றியைப் பலகையாக்கல்

கமக்காரர்களே! வளவில் விழுந்த முதிர்ந்த வேம்பை, "எமது வாளுக்கு அடங்காது" என்று சிறிய மரக்காலைக்காரர் மறுத்துவிட்டால், உடனே விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

36 அங்குல விட்டமுள்ள வட்டவாள், நடுவிலுள்ள அச்சு மறிப்பதனால், ஏறத்தாழ 14 அங்குல ஆழமே அறுக்கும். ஆகவே 30 அங்குலக் குற்றியை முதலில் நெடுக்காகப் பிளத்தல் வேண்டும். நடுமையத்தினூடாக இரு முனைகளிலும் தூக்குநூல் பிடித்துக் கோடிடுக. ஒருபுறம் அறுத்து, குற்றியைப் புரட்டி, அதே கோட்டில் மறுபுறமும் அறுக்குக. இடையே எஞ்சும் 2 அங்குலம் ஆப்புக்குப் பிளந்துவிடும். நார் முறுக்கோடிய மரமாயின் ஆப்பு கோணலாக ஓடும். அதனைச் சங்கிலிவாளாற் பிளப்பதே நன்று. பாதிகளை மீண்டும் இரண்டாக்கினால் துண்டுகளைப் புரட்டுவதும் இலகு. நடுமையத்தை ஒட்டிய பகுதியைப் பலகைக்கு எடுக்க வேண்டாம். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வேலியில் நின்ற மரமெனின் மிகக் கவனம் தேவை. பழைய ஆணியும் முட்கம்பியும் மரத்தினுள்ளே புதைந்திருக்கும். அவற்றில் மோதினால் வாட்பல் தெறித்து, அறுப்பவரின் உயிருக்கே ஆபத்தாகும். கம்பி கட்டியிருந்த இடங்களை மரக்காலைக்காரருக்கு மறைக்காது சொல்லுங்கள். அப்பகுதியை வெட்டி நீக்குவதால் நட்டம் சிறிதே.

மரம் பலாவாயின், தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுக. அரிந்த பலகைகளின் முனைகளுக்கு வர்ணம் பூசி, இடைச்சட்டங்கள் வைத்து நிழலில் அடுக்குக.