தங்கப் பாராசூட்

வணிகச் செய்திகளில் 'கோல்டன் பாராசூட்' என்று அடிக்கடி காதில் விழும். ஒரு நிறுவனம் கைமாறும்போது, அதன் தலைமை அதிகாரிக்கு வேலை போனால் இவ்வளவு ரொக்கம், இத்தனை பங்குகள் தரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தம் அது. பெரும்பாலும் உச்சத்தில் இருப்பவர்களுக்குத்தான். கீழ்மட்ட ஊழியருக்கு அந்த யோகம் ஏது?

1980களில் அமெரிக்காவில் நிறுவனங்களை வளைத்துப்போடும் அலை அடித்தபோது இது பரவியது. 1984-இல் அந்நாட்டு காங்கிரஸ் கடிவாளம் போட்டது. அதிகாரி வாங்கிய முந்தைய 5 ஆண்டுச் சராசரி ஊதியத்தைப் போல 3 மடங்கை இந்தத் தொகை எட்டினால், ஒரு மடங்கு போக மீதி முழுவதற்கும் 20 சதவீதத் தனி வரி. வருமான வரி வேறு!

நிறுவனங்கள் அசரவில்லை. பல ஒப்பந்தங்களில் 2.99 மடங்கு என்றே எழுதினார்கள். அதாவது, வரம்பு போட்ட சட்டமே விலைப்பட்டியல் ஆகிவிட்டது. இன்னும் சில நிறுவனங்கள் அந்த வரியையும் அதிகாரிக்காகத் தாங்களே ஏற்றுக்கொண்டன.

2010-இல் வந்த டாட்-பிராங்க் சட்டத்தின்படி, இணைப்புக்கு ஒப்புதல் கேட்கும்போது பங்குதாரர்கள் இந்தப் பாராசூட் தொகையின்மீதும் வாக்களிக்கலாம். ஆனால் அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.