அரங்கம் மூழ்கியது... ஆட்டம் நிற்கவில்லை!

ஒரு பல்கலைக்கழகக் கலை மேடையைத் தாங்கிப் பிடிக்கும் வருடச் சந்தா

2008, ஜூன் மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மழை விடாமல் கொட்டித் தீர்த்தது. அயோவா சிட்டி நகரத்துக்கு மேலே இருக்கும் கோரல்வில் அணை நிரம்பி, உபரிநீர் தானாகவே வழிய ஆரம்பித்தது. 22 அடியைத் தொட்டாலே வெள்ள அபாயம் என்று கணக்கு வைத்திருக்கும் ஊர் அது. ஜூன் 15-ம் தேதி ஆற்றின் நீர்மட்டம் 31 அடியையும் தாண்டியது. ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் அயோவா பல்கலைக்கழகத்தில் 20-க்கும் மேற்பட்ட கட்டடங்களை வெள்ளம் பதம் பார்த்தது.

மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இரவு பகலாக மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த புத்தகங்களை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். புத்தகங்கள் பிழைத்தன. ஆற்றங்கரையில் நின்ற ஹேன்ச்சர் ஆடிட்டோரியம் பிழைக்கவில்லை. சுமார் 2,500 பேர் அமரக்கூடிய அந்த அரங்கம் மறுபடி திறக்கப்படவேயில்லை. பிறகு இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

புதிய அரங்கம் எழும்பி, கதவு திறக்க எட்டு ஆண்டுகள் ஆயின. ஆனால், அந்த எட்டு ஆண்டுகளும் `ஹேன்ச்சர்' என்ற பெயரில் கச்சேரிகள் நடந்தன, நாடகங்கள் நடந்தன, நடனக் குழுக்கள் வந்து போயின. சொந்தமாக ஒரு மேடைகூட இல்லாமல் ஒரு கலை அமைப்பால் இவ்வளவு காலம் எப்படித் தாக்குப் பிடிக்க முடிந்தது?

அசோகமித்திரன் தங்கியிருந்த ஊர்!

அயோவா சிட்டி, தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான ஊர் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்காக 1973-ல் அங்கு சென்று சில மாதங்கள் தங்கியிருந்தவர் அசோகமித்திரன். அந்த அனுபவத்தில் விளைந்ததுதான் அவருடைய `ஒற்றன்!' நாவல். எழுத்தாளர் திட்டத்தை 1967-ல் தொடங்கியவர்கள் பால் எங்கிள், ஹுவாலிங் நியே என்ற இருவர். நல்ல எழுத்தை அடையாளம் காண்பதில் மட்டுமல்ல, அதற்காகக் கம்பெனி முதலாளிகளிடம் போய்ப் பணம் கேட்பதிலும் எங்கிள் கெட்டிக்காரர். `கலைக்குக் கைகொடுங்கள்' என்று கூச்சப்படாமல் கேட்பதும், கேட்டால் கொடுப்பதும் அந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

அசோகமித்திரன் அங்கு போவதற்கு முந்தைய ஆண்டு, 1972-ல்தான் ஹேன்ச்சர் ஆடிட்டோரியம் திறக்கப்பட்டது. 1940 முதல் 1964 வரை பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த விர்ஜில் ஹேன்ச்சரின் பெயர் அதற்கு. சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. இன்றைக்கும் மக்கள்தொகை சுமார் 75 ஆயிரம்தான். அப்படிப்பட்ட ஊருக்கு உலகின் முன்னணிக் கலைஞர்கள் தேடி வந்தார்கள்.

ராபர்ட் ஜாஃப்ரி தன் பாலே குழுவுக்காக உருவாக்கிய `நட்கிராக்கர்' முதன்முதலாக மேடையேறியது நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ அல்ல. 1987 டிசம்பரில், இந்த ஹேன்ச்சர் மேடையில்தான். அடுத்த சில மாதங்களில் ஜாஃப்ரி காலமானார். அவருடைய குழுவுடனான உறவை ஹேன்ச்சர் விட்டுவிடவில்லை. பாப் பாடகர் பிரின்ஸின் பாடல்களுக்கு பாலே ஆடினால் எப்படியிருக்கும் என்ற துணிச்சலான யோசனையில் பிறந்த `பில்போர்ட்ஸ்', ஹேன்ச்சரின் ஆதரவில் உருவாகி 1993-ல் அங்கேயே அரங்கேறியது. பாலே பக்கமே எட்டிப்பார்க்காத இளைஞர்களையும் தியேட்டருக்குள் இழுத்து வந்த படைப்பு அது.

ஹவுஸ்ஃபுல் ஆனாலும் நஷ்டம்தான்!

`இவ்வளவு பெயர் பெற்ற அரங்கத்துக்கு டிக்கெட் வசூல் போதாதா? எதற்கு நன்கொடை, சந்தா எல்லாம்?' என்ற கேள்வி எழுவது நியாயம்தான். இதற்கான பதிலை வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே புத்தகமாக எழுதிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது எளிமையான விஷயம். ஒரு கார் தொழிற்சாலையில் இயந்திரங்கள் நவீனமாக நவீனமாக, அதே தொழிலாளி முன்பைவிட அதிக கார்களைத் தயாரிப்பார். அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தாலும் முதலாளிக்குக் கட்டுப்படியாகும். ஆனால், பீத்தோவன் எழுதிய ஒரு நால்வர் இசையை வாசிக்க அன்றைக்கும் நான்கு பேர் வேண்டும்; இன்றைக்கும் நான்கு பேர் வேண்டும். அரை மணி நேர இசையைப் பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்க முடியாது. கலைஞர்களின் சம்பளம், பயணச் செலவு, ஹோட்டல் வாடகை எல்லாம் மற்ற துறைகளோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். உற்பத்தி மட்டும் ஏறாது. வரவுக்கும் செலவுக்கும் நடுவிலான இடைவெளி வருடத்துக்கு வருடம் விரியத்தான் செய்யும்.

டிக்கெட் விலையை ஏற்றி அந்த இடைவெளியை மூடிவிடலாம். ஆனால், அப்படிச் செய்தால் மாணவர்கள் வரமாட்டார்கள்; ஆசிரியர் குடும்பங்கள் வராது; ஓய்வூதியக்காரர்கள் வரமாட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கம் யாருக்காக இருக்கிறதோ, அவர்களே வெளியே நிற்பார்கள். அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கலை அமைப்புகள் டிக்கெட்டுடன் இன்னொரு வழியையும் வைத்திருக்கின்றன. அதுதான் ஆண்டு உறுப்பினர் திட்டம்.

நம்ம ஊர் சபா மாதிரியா?

பாதி அப்படித்தான். சென்னை சபாக்களில் வருடச் சந்தா கட்டியவர்களுக்குக் கச்சேரி, நாடகம் எல்லாம் அந்தச் சந்தாவிலேயே அடக்கம். கே.பாலசந்தர், சோ போன்றவர்களின் நாடகங்கள் சபா சபாவாக மேடையேறியதற்குப் பின்னால் இந்த உறுப்பினர் சந்தா இருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சீசன் முழுவதற்குமான டிக்கெட்டுகளை மொத்தமாக முன்கூட்டியே வாங்குவது ஒன்று. டிக்கெட்டுக்கு மேல், `இந்த அமைப்பு இருக்க வேண்டும்' என்பதற்காக ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் உறுப்பினர் நன்கொடை.

மாணவர்களும் இளைஞர்களும் சேரக்கூடிய சிறிய தொகையில் தொடங்கி, ஆயிரக்கணக்கான டாலர் வரை பல படிகள் இருக்கும். பதிலுக்குச் சில சலுகைகள் கிடைக்கும். பொதுமக்களுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே இடம் பிடித்துக்கொள்ளலாம். ஒத்திகை பார்க்க அழைப்பு வரலாம். நிகழ்ச்சிக் கையேட்டில் கொடுத்தவரின் பெயர் இடம்பெறும். பெரிய தொகை கொடுத்தவர்களுக்குக் கலைஞர்களுடன் விருந்துகூட உண்டு.

வருமான வரிச் சலுகையும் இருக்கிறது. அதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. உதாரணமாக, ஒருவர் 100 டாலர் நன்கொடை கொடுக்கிறார். பதிலுக்கு 20 டாலர் மதிப்புள்ள சலுகைகளைப் பெற்றுக்கொள்கிறார். அப்படியென்றால், மீதி 80 டாலர்தான் நன்கொடைக் கணக்கில் வரும். `சலுகை எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் முழுத் தொகையும் நன்கொடையாகிவிடும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாக அதே அளவு தொகையைத் தன் பங்காகத் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் போதும், 100 டாலர் 200 டாலராகிவிடும். நிரப்பாமல் விடுபவர்களால் அந்தப் பணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

மேடை இல்லாத எட்டு ஆண்டுகள்

மறுபடி வெள்ளத்துக்கு வருவோம். அரங்கம் போன பிறகு, ஹேன்ச்சர் ஊர் ஊராக, மேடை மேடையாக அலைந்தது. அப்போது கைகொடுத்த மேடைகளில் ஒன்று, ஊரின் நடுவே இருக்கும் இங்லர்ட் தியேட்டர். 1912-ல் திறக்கப்பட்ட பழைய தியேட்டர் அது. ஒரு கட்டத்தில் கைவிட்டுப் போகவிருந்தது. ஊர்மக்களே பணம் திரட்டி, புதுப்பித்து, 2004-ல் மீண்டும் திறந்தார்கள். நான்கே ஆண்டுகளில், வீடிழந்த ஹேன்ச்சருக்கு அந்தத் தியேட்டர் நிழல் கொடுத்தது. முன்பு எப்போதோ மக்கள் கொடுத்த பணம், யாருமே எதிர்பார்க்காத ஒரு நாளில் ஊருக்குத் திரும்ப வந்து உதவியது!

அந்த எட்டு ஆண்டுகளில் ஹேன்ச்சருக்கு இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். 2,500 இருக்கைகள் இல்லை. சின்னச் சின்ன மேடைகள். ஹவுஸ்ஃபுல் ஆனாலும் வசூல் குறைவு. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். `கட்டடம் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தால், எட்டு வருடத்தில் ரசிகர்களின் பழக்கமே விட்டுப்போயிருக்கும். புது அரங்கம் திறக்கும்போது அதை நிரப்ப ஆள் இருந்திருக்காது.

டிக்கெட் மட்டுமே வாங்குகிறவருக்கு, நிகழ்ச்சி இல்லையென்றால் உறவும் இல்லை. உறுப்பினர் விஷயம் வேறு. அவர் பணம் கொடுப்பது ஒரு நாற்காலிக்காக இல்லை. ஹேன்ச்சருக்கு ஆதரவு தந்த குடும்பங்களின், உள்ளூர்க் கடைக்காரர்களின் பெயர்கள் நிகழ்ச்சிக் கையேடுகளில் அந்த ஆண்டுகளிலும் தொடர்ந்து அச்சாகின.

2016 செப்டம்பரில் புது ஹேன்ச்சர் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர், மலேசியாவின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை வடிவமைத்த சீஸர் பெல்லியின் நிறுவனத்தார். ஆற்றிலிருந்து விலகி, இன்னும் உயரமான இடத்தில், 1,800 இருக்கைகளுடன் எழுந்து நிற்கிறது. கட்டடச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசின் பேரிடர் நிவாரண நிதி ஏற்றுக்கொண்டது. சுவரை அரசாங்கம் கட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால், அந்தச் சுவர்களுக்குள் வந்து உட்காரும் ரசிகர்களை எந்த நிவாரண நிதியாலும் கொண்டுவர முடியாது. அவர்களை அந்த எட்டு ஆண்டுகளும் விடாமல் பிடித்து வைத்திருந்ததுதான் சாதனை.

அதே ஆண்டு டிசம்பரில் ஜாஃப்ரி குழு மறுபடியும் வந்தது. கிறிஸ்டோபர் வீல்டன் வடிவமைத்த புத்தம்புதிய `நட்கிராக்கர்', சிகாகோ ரசிகர்கள் பார்ப்பதற்கு முன்பே ஹேன்ச்சரில் மேடையேறியது. 1987-ல் தொடங்கிய உறவு, வெள்ளத்தைத் தாண்டியும் அறுந்துபோகவில்லை.

பணம் கொடுப்பவர் சொல்வதுதான் சட்டமா?

உறுப்பினர் திட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் கொடுப்பவர்களின் ரசனைக்கு மேடை அடிமையாகிவிடும் ஆபத்துதான் அது. சபா நாடகங்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு வெறும் `துணுக்குத் தோரணம்' ஆகிப்போனதாக எழுந்த விமர்சனம் நமக்குத் தெரியும். உறுப்பினர்கள் சிரிக்க வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோளானால் அப்படித்தான் முடியும்.

பல்கலைக்கழக மேடைக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உறுப்பினருக்கு இருக்கை முன்வரிசையில் கிடைக்கலாம். எந்த நிகழ்ச்சி வேண்டும் என்று ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. அதைக் கலை இயக்குநர் முடிவு செய்கிறார். பிரின்ஸ் பாடலுக்கு பாலே ஆடவைப்பது போன்ற விபரீத யோசனைகள் நிறைவேற இந்த இடைவெளி அவசியம். பிடித்ததைப் பார்க்க டிக்கெட் வாங்கினால் போதும். இதுவரை யாரும் பார்த்திராத ஒன்று பிறக்கத்தான் உறுப்பினர்கள் தேவை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

ஏதாவது ஒரு பல்கலைக்கழகக் கலை அமைப்பில் உறுப்பினராகச் சேர நினைப்பவர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

* கொடுக்கும் பணம் பொதுச் செலவுக்குப் போகிறதா, குறிப்பிட்ட திட்டத்துக்கா? ஊழியர் சம்பளம், மின்கட்டணம் போன்ற பொதுச் செலவுக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. அதனால், அதற்குத் தருவது பெரிய உதவி.

* மாணவர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட் உண்டா? பள்ளிக் குழந்தைகளுக்குப் பகல் காட்சிகள் நடத்துகிறார்களா? வருகிற கலைஞர்கள் வகுப்பறைக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

* ஆண்டு வரவு செலவு அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகிறார்களா?

* ஒரே தடவையில் பெரிய தொகை கொடுப்பதைவிட, சிறிய தொகையை விடாமல் ஆண்டுதோறும் கொடுக்க முடியுமா? அமைப்புக்குப் பின்னதுதான் பலம். கலைஞர்களை ஓராண்டு, ஈராண்டு முன்பே ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கும். அடுத்த வருடமும் பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கையெழுத்துப் போட முடியும்.

2020 மார்ச்சில் கொரோனா உலகத்தின் அரங்கங்களை எல்லாம் ஒரே வாரத்தில் பூட்டிவிட்டபோது, அமெரிக்கக் கலை அமைப்புகள் பல தங்கள் ரசிகர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தன: `டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்காமல் நன்கொடையாக விட்டுவிட முடியுமா?' திரும்பக் கேட்க எல்லா உரிமையும் இருந்தும், கேட்காமல் விட்டவர்கள் நிறைய பேர்.

வெள்ளமோ, நோயோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு உறுப்பினர்களைத் தேடி ஓடவும் முடியாது. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போதே கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பது அணைக்கு மட்டுமல்ல, அரங்கத்துக்கும் பொருந்தும்!