முதற்பாலைக் கொட்டலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கறவை வளர்க்கும் நம் அங்கத்தினர்க்குச் சீம்பாலின் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பசு ஈன்றவுடன் கன்றை மடியில் விட்டு, அது குடித்த மிச்சத்தையே கறந்து இனிப்புக் கிண்டுவார்கள். சீம்பால் குடியாத கன்று தேறாது என்பது அவர்கள் அநுபவம். ஆயினும் அதே வீட்டில் மருமகள் பிரசவித்தால், அவளது மஞ்சள் நிற முதற்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. வைத்தவர் குணம் குழந்தைக்கு வருமாம்! குணம் வருமோ வராதோ, விரலிலுள்ள கிருமி வரக்கூடும்.

கன்று தாயின் நோயெதிர்ப்புப் பொருள்களைக் கருவிலே பெறுவதில்லை, சீம்பாலிலேயே பெறுகிறது. மனிதக் குழந்தை அவற்றில் ஒரு பகுதியைக் கருவிலிருக்கும்போதே பெற்றுவிடுகிறது. ஆனால் குடலின் உட்புறத்தைக் காக்கும் வகையை அதற்கு அளிப்பது சீம்பாலே. மஞ்சள் நிறமும் வைட்டமின் ஏ சத்துக்கு மூலமான பொருளால் வருவதன்றிக் கெடுதலால் வருவதன்று.

முதல் நாளில் வேளைக்கு ஒரு தேக்கரண்டியளவே சுரப்பதைக் கண்டு, "பால் ஊறவில்லையே" என்று பாட்டிமார் கலங்குவதுண்டு. பச்சைக் குழந்தையின் சிறிய இரைப்பைக்கு அதுவே போதும். குழந்தை சப்பும் உணர்ச்சி நரம்பு வழியாக மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை எட்டுகிறது. அங்கிருந்து வரும் புரொலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்ஸிடாசின் அதை இறக்கி விடுகிறது. சீனித் தண்ணீரால் பசியடங்கிய குழந்தை சப்பாது. சப்பாவிடில் சுரப்பும் குன்றும். பால் குறைவுக்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

ஆகவே பிறந்த 1 மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் சேர்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சையானாலும் இயன்ற விரைவில் சேர்க்கலாம். காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் குழந்தை வாயகலக் கவ்வினால் தாய்க்கு வலி இராது. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை ஊட்டினால், 2 முதல் 4 நாள்களில் பால் பெருகும். இராஜபாளையத்துக் கோடையிலும் 6 மாதம் வரை தண்ணீர் வேண்டா; தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்குக்கு மேல் நீரே. முதல் வாரம் கழிந்த பின் நாளைக்கு 6 முறையேனும் சிறுநீர் கழியாவிடில், அல்லது குழந்தை சோர்ந்து கிடந்தால், தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுக.

நூற்பாலைப் பெண்களுக்குப் பேறுகாலச் சம்பள விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் உயர்த்தியது. வீட்டுத் தறியில் நெய்யும் சகோதரிக்கோ அத்தகைய விடுப்பு ஏது? பாவு பாதியில் நின்றாலும் அவள் எழுந்து சென்று பாலூட்ட வீட்டார் இடங்கொடுக்க வேண்டும். வெளியே செல்லும் தாய், சுத்தமான மூடிய பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். நம் வெயிலில் 2 மணி நேரத்துக்குள் அதைப் புகட்டிவிடுக. புட்டி வேண்டா, வெந்நீரில் கொதிக்கவிட்டெடுத்த பாலாடையே போதும்.