‘தேசியமயம்’ என்ற சொல்லும் தேயிலைத் தோட்டமும்

‘நேஷனலைஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழில் தேசியமயமாக்கல், நாட்டுடைமையாக்கல், அரசுடைமையாக்கல் என மூன்று சொற்கள் வழங்கி வருகின்றன. போதாததற்கு, இலங்கையில் ‘சுவீகரிப்பு’ என்ற நான்காவது சொல்லும் உண்டு. 1960ஆம் ஆண்டு தொடங்கி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதைப் பாடசாலைகள் சுவீகரிப்பு என்றே இன்றும் குறிப்பிடுகின்றோம். இந்நான்கும் ஒரே பொருள் தருவன எனக் கருதி, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. பஸ் சேவை, வங்கி, துறைமுகம் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது இதனால் பெரிய கேடில்லை. மலையகத்தின் பெருந்தோட்டங்களைப் பற்றி எழுதும்போது கேடு உண்டு.

‘நேஷன்’ என்பது பிறப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அதன் வழிவந்த ‘நேஷனலைஸ்’ என்ற வினைக்கு ஆங்கிலத்தில் இரு பொருள்கள் இருந்தன. ஒன்று, தனியார் சொத்தை நாட்டின் சொத்தாக்குதல். மற்றொன்று, அந்நியர் ஒருவரை நாட்டின் குடியாக ஏற்றுக்கொள்ளுதல். இரண்டாவது பொருள் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அதற்கு ‘நேச்சுரலைஸ்’ என்ற சொல்லே கையாளப்படுகின்றது. அதுவும் பிறப்பு என்ற அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆக, சொத்தைப் பற்றிய சொல்லும் குடியுரிமையைப் பற்றிய சொல்லும் ஒருவகையில் உடன்பிறந்தவை.

நுவரெலியா மாவட்டத்தில் இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், தனியாள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. நெற்காணிக்கு 25 ஏக்கர். கம்பனிகளுக்குச் சொந்தமான தோட்டங்கள் அப்போது விலக்களிக்கப்பட்டன. 1975இல் வந்த திருத்தச் சட்டமே பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பனிகளினதும் உள்ளூர் ரூபாய்க் கம்பனிகளினதும் தோட்டங்களைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கு உரித்தாக்கியது. ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர் இவ்வாறு கைமாறியது. கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்கப்பட்டமையால் இதனைப் பறிமுதல் என்று கூற இயலாது. பின்னர் நிர்வாகம் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் (தொழிலாளர் வாயில் ‘ஜனவசம’) அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் சென்றது.

தோட்டங்கள் ‘தேசிய’ச் சொத்தாகிய அந்நாளில், அங்கு கொழுந்து பறித்தோர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், ஒருவர் இம்மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் நாடற்றோர் ஆக்கப்பட்டவர்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கணக்கு எழுதப்பட்டதே தவிர நிறைவேறவில்லை. 1975இல் பெருந்தொகையினர் எந்த நாட்டின் குடிகளாகவும் இல்லை. வேறு பலர் கப்பலேறக் காத்திருந்தனர். மண் தேசத்துக்குச் சொந்தமாயிற்று. அதில் உழைத்தவர் அத்தேசத்துக்குள் வரவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேசத்துக்கு உரியதான காணி தேசத்தின் குடிகளுக்கே பகிரப்பட வேண்டும் என்ற வாதம், காணிச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து பல தோட்டங்களில் தொழிலாளரை வெளியேற்றியது. அவர்களில் பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். 1977இல் நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தபோது, மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். ‘தேசியமயம்’ என்ற சொல்லில் ‘தேசியம்’ யாரைக் குறித்தது என்பது அன்று லயன்களில் இருந்தோருக்கு அகராதி இல்லாமலே விளங்கியது.

தமிழகத்தில் ‘நாட்டுடைமை’ என்ற சொல்லுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. இன்று எவரும் அவற்றை அச்சிடலாம். அங்கு உடைமை உண்மையாகவே நாட்டாரைச் சேர்ந்தது. நமது தோட்டங்களில் அது அரசைத் தாண்டிச் செல்லவில்லை. எனவே 1975இல் நடந்ததற்கு ‘அரசுடைமையாக்கல்’ என்பதே பொருத்தமான சொல்.

எதிர்ச்சொல்லும் இதே குழப்பத்துக்கு உரியதே. 1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தனியார்மயம் என்கின்றோம். முதலில் முகாமைத்துவம் மட்டுமே கைமாறியது. பின்னரே பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டன. காணி விற்கப்படவேயில்லை. அது இன்றும் அரசுக்கே சொந்தம், கம்பனிகள் குத்தகைக்காரர்கள். நாடற்றோர் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆயினும் பிரஜையாகிவிட்ட தொழிலாளி வீடு கட்ட 7 பேர்ச்சஸ் கேட்கும்போது, காணி அரசுக்குரியது எனக் கம்பனியும், குத்தகையில் உள்ளது என அரசும் சொல்ல இடமிருக்கிறது. அந்தக் குத்தகையின் காலம் 53 ஆண்டுகள், முடிவடைவது 2045இல்.