தறப்பாளும் வேர்க்கும்: நடைப்பயணத்துக்கு இலகுவான கூடாரமும் படுக்கையும் தெரிவு செய்வது எப்படி?

"காசு குடுத்துப் போய்த் தறப்பாளுக்குக் கீழ படுக்கப் போறியளோ?"

நண்பர்களோடு நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போவதற்காகக் கூடாரம் ஒன்றை வாங்கி வந்த அன்று அம்மா கேட்ட கேள்வி இது. பல தடவை இடம்பெயர்ந்து, வெயிலிலும் மழையிலும் தறப்பாளுக்குக் கீழ் பிள்ளைகளைப் படுக்கவைத்த ஒருவருக்குக் கூடாரம் பொழுதுபோக்குப் பொருளாகத் தெரியாது.

இருந்தாலும் வடக்கு, கிழக்கு இளைஞர்கள் பலர் இன்று மலைகளுக்கு நடக்கப் போகிறார்கள். கதிர்காம ஆடிவேல் விழாவையொட்டி உகந்தையிலிருந்து குமண, யால காடுகளூடாக நடக்கும் அடியார்களும் பல இரவுகளைத் திறந்த வெளியில்தான் கழிக்கிறார்கள். முதுகில் சுமந்துகொண்டு போகும் கூரையையும் படுக்கையையும் தவறாகத் தெரிந்தால் நித்திரை கெடும். குளிரான மலையில் நனைந்துபோனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒழுக்கா, வேர்வையா?

நக்கிள்ஸில் முதல் இரவு இரண்டு மணிக்கு முகத்தில் துளி விழுந்து எழும்பினேன். வெளியே மழை இல்லை. கூடாரம் பழுது என்று நினைத்தேன். முகாமில் வளர்ந்த நண்பன் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒழுகேல்லையடா, வேர்க்குது."

அவன் சொன்னது சரி. ஓர் இரவில் ஒருவருடைய மூச்சிலும் தோலிலும் இருந்து ஏறத்தாழக் கால் லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. காற்றுப் போக வழியில்லாவிட்டால் அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. தறப்பாள் கொட்டிலுக்குள் விடியற்காலையில் கண்ட அதே ஈரம்தான் இது.

ஆகவே கூடாரம் வாங்கும்போது இரண்டு கேள்விகள். ஒன்று, மழையைத் தடுக்குமா? துணியின் நீர் தாங்கும் அளவை மில்லிமீற்றரில் குறித்திருப்பார்கள். 1,500 என்றால் ஒன்றரை மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம்வரை தாங்கும் என்று பொருள். கூரைக்கு இதற்குக் குறையாமல் இருப்பது நல்லது. தையல்களின் உட்பக்கத்தில் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு, காற்றை விடுமா? உள்ளே வலை, வெளியே தனிக் கூரை என்று இரண்டு அடுக்குள்ள கூடாரத்தில் துளிகள் வெளி அடுக்கிலேயே தங்கிவிடும். ஓர் அடுக்குக் கூடாரம் நிறை குறைவு. ஆனால் ஈரமான மலையில் அதிகம் வேர்க்கும்.

எங்கே போகிறீர்கள்?

ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேல். தை, மாசி மாதங்களில் அங்கே சில காலைகளில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். நக்கிள்ஸில் குளிரை விட மழையும் அட்டையும்தான் தொல்லை. அடித்தளமும் வலையும் சேர்ந்த கூடாரம் அங்கே தேவை.

உகந்தைப் பாதை வேறு. ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் வரட்சியும் வெக்கையும். மூடிய கூடாரத்துக்குள் புழுங்கிப் போவீர்கள். நான்கு பக்கமும் காற்று வரும்படி கட்டிய மெல்லிய விரிப்பும், அதன் கீழ் ஒரு நுளம்பு வலையும் போதும்.

இங்கே நிறைக் கணக்கைப் பாருங்கள். நிவாரணமாகக் கிடைத்த பெரிய தறப்பாள் 4 கிலோவுக்கு மேல் இருக்கும். எங்கள் குடும்பம் அதைச் சைக்கிளில் கட்டித்தான் கொண்டுபோனது. சிலிக்கோன் பூசிய நைலோன் விரிப்பு மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் அளவில் அரைக் கிலோ அளவுதான். நைலோன் நனைந்தால் சற்றுத் தொய்யும். படுக்க முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும்.

குளிர் கீழிருந்து வரும்

பலர் தடித்த போர்வைக்குச் செலவழித்துவிட்டு வெறும் நிலத்தில் படுக்கிறார்கள். உடம்பின் பாரத்தில் கீழ்ப்பக்கப் போர்வை நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் சூடு தங்காது. நிலம் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதற் செலவு கீழே விரிக்கும் மெத்தைக்குத்தான்.

மடிக்கும் நுரை மெத்தை சுமார் 400 கிராம். முள் குத்தினாலும் பழுதாகாது. எங்கள் மலைகளுக்கு அது போதும். ஊதும் மெத்தை இன்னும் சூடு, இன்னும் சுகம். ஆனால் முட்காட்டில் ஒரு துவாரம் விழுந்தால் மிச்ச இரவெல்லாம் வெறும் நிலம்தான்.

ஸ்லீப்பிங் பாக் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உயிர் தப்பும் எல்லையாக இருக்கலாம். சுகமாகப் படுக்கக்கூடிய வெப்பநிலை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதையே நம்புங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு அந்த எண் 5 பாகைக்கு மேற்படாமல் இருக்கட்டும். யால பக்கம் ஒரு சாரமே போதும். வாத்து இறகு நிரப்பியவை நிறை குறைந்தவை. ஆனால் நனைந்தால் கட்டியாகிச் சூட்டை இழந்துவிடும். மழை மலைகளுக்குச் செயற்கைப் பஞ்சே பாதுகாப்பானது. எதுவாக இருந்தாலும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டியே கொண்டுபோங்கள்.

கட்டும் இடம்

முகாம்களில் கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டினோம். பாதுகாக்கப்பட்ட காட்டில் மண்ணை வெட்டக்கூடாது. அதற்குப் பதிலாகச் சற்று மேடான இடத்தைத் தேடுங்கள். பள்ளத்தில் வெள்ளம் மட்டுமல்ல, இரவில் குளிர்காற்றும் வந்து தேங்கும். கீழே விரிக்கும் பொலித்தீன் கூடாரத்தின் அடியை விடப் பெரிதாக இருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே விடும். ஓரங்களை உள்ளே மடியுங்கள். விலங்குகள் தண்ணீருக்குப் போகும் தடத்தில் படுக்கவே வேண்டாம். நக்கிள்ஸுக்கு வனத் திணைக்களத்திடமும், ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

இருவர் பங்கிடும் கூடாரத்தில் ஒருவர் பங்கு ஒரு கிலோ, மெத்தை அரைக் கிலோ, ஸ்லீப்பிங் பாக் ஒரு கிலோ. இரண்டரைக் கிலோவில் ஓர் இரவின் வீடு முடிந்துவிடும். முழுச் சுமையும் உங்கள் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள்.

புறப்பட முன் கூடாரத்தை முற்றத்தில் கட்டி, தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு உள்ளே படுத்துப் பாருங்கள். இரண்டாவது பயணத்துக்கு முன் நான் அப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே வந்தா. கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தா. தொய்ந்திருந்த கயிறு ஒன்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினா.

"மழை இந்தப் பக்கத்தாலதான் அடிக்கும். வாசலை அங்கால திருப்பு. மேல கொஞ்சம் திறந்து விடு, இல்லாட்டி வேர்க்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.